செவ்வாய் காட்டியவர்

எங்கள் முதலாளிக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. சொல்லத்தான் முயற்சி செய்வார். வாயைத் திறப்பார், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் ‘பாக்கலாம்மா’ என்றுதான் வெளியே வரும். அந்தப் பார்க்கலாம் அன்று சாயங்காலத்துக்குள் ‘சரி’ ஆகிவிடும். தங்கமான மனசு என்று ஊர் சொல்லிற்று. இரண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்த நான் சொல்கிறேன், அது மனசு இல்லை, பயம். எதிரே நிற்கிறவர் முகம் வாடிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் மனுஷர் கொட்டுகிற மழையில் கம்பம் ஏறுவார்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தை ஒட்டி ஒரு மாடி அறையில் அவர் கேபிள் கண்ட்ரோல் ரூம் வைத்திருந்தார். நானூறு, ஐநூறு வீட்டுக்கு லைன். அதோடு ஒரு உள்ளூர் சேனல். அதில் வாய் நான்தான். பி.ஏ. முடித்துவிட்டு வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன ரேஷன் கார்டு, நாளைய மின்தடை, பட்டுக்கடைத் தள்ளுபடி எல்லாவற்றையும் ஒரே குழைவோடு படிப்பேன். முகம் காட்ட மாட்டார்கள், குரல் மட்டும். ஆனால் அந்தத் தெருக்களில் குரல்தான் முக்கியம். தறிக்கு எதிரே டிவி வைத்திருப்பார்கள். கண் இழையில் இருக்கும், காது எங்களிடம் இருக்கும். ராஜாஜி மார்க்கெட்டில் நான் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் குள்ளமாக, கச்சிதமாக இருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர். போனில் யாராவது திட்டினால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் கேட்பார். எதிரில் ஆளே இல்லையே, உட்கார்ந்து திட்டு வாங்கினால் ஆகாதா என்று நான் கேலி செய்வேன். “தப்பு நம்மளுதுமா, உக்காந்துக்கினு கேட்டா நல்லாவா இருக்குது?” என்பார். தப்பு பெரும்பாலும் மின்வாரியத்தினுடையதாக இருக்கும்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கருடசேவைக் கதையைச் சொல்லாமல் முடியாது. நான் சேர்ந்த வருஷம். வைகாசி கருடசேவையை நேரலையாகக் காட்டுவதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. விடிகாலை வீதியில் வைத்த கேமராவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, திரை புள்ளி புள்ளியாகப் போய்விட்டது. போன் அலற ஆரம்பித்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பீரோவைத் திறந்து போன வருஷத்துக் கேசட்டை எடுத்துப் போட்டார். கருடன் அதே கருடன், குடை அதே குடை. “நீ பாட்டுக்கு பேசுமா” என்றார். நானும் பேசினேன்.

அரை மணி கழித்து சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மாமி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். “எங்காத்துக்காரர் நிக்கறார். கூட்டத்துல, வலது பக்கம், மேல்துண்டைத் தலையில போட்டுண்டு நிக்கறார். போன ஆவணியில தவறிட்டார்.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு அழுகைச் சத்தம்.

முதலாளி எழுந்து நின்றிருந்தார். போலீசுக்குப் போவார்கள், கோயில் ஆட்கள் வருவார்கள் என்று அவருக்கு ஓடியிருக்கும். மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார், “இன்னொரு வாட்டி அந்த இடத்தைப் போடறேளா?”

மூன்று தடவை போட்டார். மாமி அவரை நூறு வருஷம் நன்றாக இருக்கச் சொல்லி ஆசீர்வாதம் செய்தார். அன்றைக்கு யாராவது நாலு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனுஷர் தப்பித்திருப்பார் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. திட்டுக்குப் பதில் ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது.

செவ்வாய் வந்தது அதற்கு அடுத்த மார்கழிக் கடைசியில். இரண்டாயிரத்து நாலு. அமெரிக்காக்காரன் அனுப்பிய ஆறு சக்கர வண்டி செவ்வாயில் இறங்கி, அங்கிருந்து படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தது. பேப்பரில் முதல் பக்கத்தில் வந்த கலர்ப் படத்தைப் பார்த்துவிட்டு யாரோ டீக்கடையில், “இதையெல்லாம் நம்ம சேனல்ல போட மாட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டாயிற்றே, போதாதா? பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, சி.டி.யில் படங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தினமும் ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம், ‘செவ்வாயில் இன்று’. நான் படிப்பேன்.

ஊர் பைத்தியமாகிவிட்டது. ஏழு மணிக்கு முன்னால் கேபிள் ஒயரை ஆட்டிச் சரிசெய்யப் பையன்கள் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். ஒரு பட்டுக்கடை ‘செவ்வாய்க் கலர் பட்டு’ என்று விளம்பரம் கொடுத்தது. அரக்குக்கும் செங்கல் நிறத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று, நானே ஒன்று எடுக்கலாமா என்று யோசித்தேன். செவ்வாய் தோஷப் பெண்ணைப் பெற்ற ஒருவர் போன் செய்து, தினமும் அதையே வீட்டுக்குள் காட்டாதீர்கள், மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் என்று கெஞ்சினார். நிறுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்தத் தெருவுக்கு மட்டும் அந்த ஐந்து நிமிஷம் லைனைப் பிடுங்கலாமா என்று முதலாளி நிஜமாகவே கணக்குப் போட்டார்.

எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, அங்கே தண்ணீர் கண்டுபிடித்துவிட்டார்களா என்பதுதான். எங்களுக்குக் குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்த காலம் அது.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். செவ்வாயில் அந்த வண்டி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. என்ன கோளாறு என்று அவர்களுக்கே தெரியவில்லை என்று பேப்பரில் போட்டார்கள். பிரவுசிங் சென்டர்க்காரர், “புதுசா ஒண்ணும் வரல சார்” என்று கையை விரித்துவிட்டார். இரண்டு நாள் பழைய படங்களையே முன்னே பின்னே மாற்றிப் போட்டோம். மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் போன் செய்தார்.

“பசங்க நோட்டு போட்டு எழுதிக்கினு வராங்க சார். ரெண்டு நாளா பழசையே காட்டறீங்கன்னு மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு இருக்குதுங்க.”

அவர் எழுந்து நின்றார். நரம்பு புடைத்தது. “நாளைக்கு புதுசு இருக்குது டீச்சர்” என்றார்.

போனை வைத்தபின் நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே வெயில் சாயும் நேரத்தில் கேமராவையும், கடையில் வாங்கிய சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பைக்கில் பாலாற்றுக்குப் போனார். திருமுக்கூடல் பக்கம் போகிற வழியில், ஆற்றுக்குள் இறங்கி, லென்ஸின் மேல் அந்தத் தாளைச் சுற்றி எடுத்திருக்கிறார். மறுநாள் நான் வருவதற்குள் வெட்டி ஒட்டி வைத்துவிட்டார். பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அசந்துபோனேன். தண்ணீரே இல்லாத ஆறு. மணல், பள்ளம், மேடு, கல். எல்லாவற்றுக்கும் மேலாக, மணலில் ஆழமாகப் பதிந்து தொலைதூரம் போகிற சக்கரத்தடம். நிஜமான செவ்வாய்ப் படங்களில்கூட அவ்வளவு நல்ல தடம் இருந்ததில்லை. ஓரத்தில் தேய்ந்து நின்ற சதுரமான ஒரு பாறை.

“தடம் ஏது சார்?”

“மணல் லாரிதுமா. அதான் அங்க போனேன்.”

வெட்டாத முழுக் கேசட்டையும் நான் ஓட்டிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் மூக்கு நீளம். கண்ணாடித்தாளைச் சுற்றுவதற்கு முன்பே கேமரா ஓட ஆரம்பித்திருந்தது. ஆற்றின் நடுவில் நாலைந்து லாரிகள், ஒன்றின் நம்பர் பிளேட் நன்றாகத் தெரிந்தது. கரையையே குடைந்துகொண்டிருந்த ஒரு பொக்லைன். பத்துப் பதினைந்து ஆட்கள். அவர்களில் ஒருவன் மட்டும் திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்தான். அசையாமல், ரொம்ப நேரம் பார்த்தான். நான் கேசட்டை நிறுத்தினேன்.

“அத வெட்டிட்டேம்மா” என்றார் முதலாளி, நான் கேட்காமலே.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்குப் பேச்சு எழுதியது நான். ‘விஞ்ஞானிகளை வியக்கவைக்கும் சதுரப் பாறை’ என்று எழுதியது நான்தான். எழுதிவிட்டு எனக்கே என்னைப் பிடித்துப்போய் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

அன்றிரவு போன் ஓயவில்லை. இயற்கை அப்படிச் செதுக்குமா, யாராவது கட்டினார்களா என்று டீக்கடையில் கட்சி பிரிந்தது. டீச்சர் நன்றி சொன்னார். முதலாளி ஒவ்வொரு போனையும் நின்றபடி எடுத்து, சிரித்துச் சிரித்து முகம் வலித்துப்போய் உட்கார்ந்தார். நாலு நாள் அதையே பல கோணத்தில் ஓட்டினோம். அப்புறம் நல்ல வேளையாக நிஜ வண்டி மறுபடி பேச ஆரம்பித்தது. நாங்களும் நல்ல பிள்ளைகளாக நிஜப் படங்களுக்குத் திரும்பினோம். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். காலை பதினோரு மணி. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மேலே ஏறி வந்தார்கள். அந்த மரியாதைதான் முதலில் என்னை உறுத்தியது, எங்கள் அறைக்கு வர யாரும் செருப்பைக் கழற்றியதில்லை. அவர்களில் ஒருவனை எனக்குத் தெரிந்தது. கேமராவைப் பார்த்தவன். அவன் பேசவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர்தான் பேசினார்.

“உங்க செவ்வாய் நல்லா இருந்துச்சு சார். எங்க வீட்டு குழந்தைங்க எல்லாம் பாத்துச்சுங்க. சக்கரத்தடம் சூப்பர்.”

முதலாளி எழுந்து நின்றார். இந்தத் தடவை எதிரில் ஆட்கள் இருந்தார்கள்.

“முழு கேசட்டு எங்க இருக்குது?”

பீரோவைக் காட்டினார். எடுத்துக் கொடுக்கப் போனவரை வெள்ளைச் சட்டை கையமர்த்தினார். “வேணாம் சார். அத நாங்க எடுத்துக்கினு போனா என்ன அர்த்தம்? நாங்க பயந்துட்டோம்னு ஆவும். உங்ககிட்டயே இருக்கட்டும். ஊருக்கு செவ்வாய்னு சொன்னீங்க இல்ல? செவ்வாயாவே இருக்கட்டும். யார் வந்து கேட்டாலும் செவ்வாய். அவ்ளோதான்.”

“சரி சார்” என்றார் முதலாளி.

கிளம்பும்போது வெள்ளைச் சட்டை என் பக்கம் திரும்பினார். “நீதானாமா பேசறது? நல்ல குரலு. வாலாஜாபாத் பஸ்ல தானே வந்து போற?”

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக்கூடாது என்று அப்புறம் தோன்றிற்று. ஆனால் அவர் கேள்வியாகக் கேட்கவே இல்லையே.

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். சத்தம் தேய்ந்தபின் எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல் டெஸ்டரை எடுத்து ஏதாவது ஒரு பிளக்கில் குத்திப் பார்ப்பார். கம்பம் ஏறுவதை விட்டுவிட்டார். “தலை சுத்துதும்மா” என்றார். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதை நிறுத்தினேன். ஒரு நாள் அந்தக் கேமராவைப் பார்த்தவன் அதே பஸ்ஸில் ஏறி, எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்தான். வாலாஜாபாத் வரை வந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் திரும்பியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள், விட்டால் மட்டும் அவர்களுக்கு என் வீடு தெரியாமலா போய்விடும்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த விவசாயி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. படியேறிய மூச்சிரைப்போடு நின்றுகொண்டே கேட்டார்.

“செவ்வாய் காட்டனது இங்கதானாபா?”

“ஆமாங்க.”

“என் மச்சினன் வூட்ல பாத்தேன். அந்த சதுரப் பாறை இருக்குது பாரு, அது என் பம்புசெட்டு கொட்டாய்.”

முதலாளி எழுந்தார்.

“கெழக்கு செவுரு மட்டுந்தான் இப்ப நிக்குது. என் மவன் பூசன செவுரு. கரைய வரைக்கும் தோண்டிட்டானுங்கப்பா. மீதி கொட்டாய் ஆத்துக்குள்ள போயிடுச்சு, கெணத்துல தண்ணி போயி ரெண்டு வருசம் ஆச்சு. எங்க ஊரு மொத்தமும் அப்படித்தான். மனு குடுத்தா ஆதாரம் இருக்குதான்னு கேக்கறாங்க. போட்டோ புடிக்க போன பையன் கைய உடைச்சி அனுப்பிட்டானுங்க. நீ என்னமோ போயி எடுத்துக்கினு வந்துட்ட.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “நீ எதுக்கு எடுத்த, என்னா சொல்லி காட்டன, எனக்கு அதெல்லாம் வேணாம். திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு நாளு. அந்த கேசட்ட குடு. லாரி எதுனா அதுல வுழுந்துருக்குமா?”

பீரோ அவர் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது. நானும் முதலாளியும் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

“எங்க ஊரே உன் கால்ல வுழும்பா” என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. வாழ்நாள் முழுக்க முதலாளி எந்த முகம் வாடிவிடுமோ என்று பயந்தாரோ அந்த முகம் அதுதான்.

முதலாளியின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ‘பாக்கலாம்’ வரப்போகிறது. வந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் அது ‘சரி’ ஆகிவிடும். கேசட் போய்விடும், திங்கட்கிழமை எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு நான் எந்தப் பஸ்ஸில் வீட்டுக்குப் போவது?

“அது செவ்வாய்ங்க” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். குரலைக் கேட்டதும் கண் விரிந்தது. “டிவில பேசறது நீதானாமா?”

“ஆமாங்க.”

“நீ சொல்லுமா. நல்லா தெரியுமா? செவுத்துல ஒரு ஓட்டை இருக்குது. பைப்பு போன ஓட்டை. அது கூட தெரிஞ்சுதேமா.”

“அமெரிக்காலேர்ந்து வந்த படங்க. எங்க கேமரால எடுத்தது இல்ல. கேசட்டெல்லாம் இல்லைங்க.”

எவ்வளவு சுலபமாக வந்தது. பிறந்தநாள் வாழ்த்துப் படிக்கிற அதே குழைவு. நான் பொய் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன், சத்தம் போட்டிருந்தால் முதலாளி உடைந்திருப்பார். அவர் இரண்டும் செய்யவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாந்தான் தப்பா பாத்துட்டன் போல. கண்ணு முன்ன மாதிரி இல்ல” என்றார். “தப்பா நெனச்சிக்காதீங்க.”

படியில் அவர் இறங்குகிற சத்தம் முழுவதும் கேட்டது. தெருவுக்குப் போய்விட்டார் என்று தெரிந்தபின் முதலாளி உட்கார்ந்தார். எனக்கு அவர் திட்டுவார் என்று ஒரு ஆசை இருந்தது. ஏன்மா இப்படிச் சொன்ன, பாவம்மா அந்த ஆளு என்று ஒரு வார்த்தை. அவர் இரண்டு கையையும் கூப்பினார், என்னைப் பார்த்து. என்னைவிட இருபத்தைந்து வயசு பெரியவர்.

“நல்ல வேளமா, நீ இருந்த” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்துக்கு வீடியோ எடுத்துத் தரச் சொன்னார்கள். முதலாளி பீரோவைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு போய், பழையது அழிய அதன் மேலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். குழந்தை கொஞ்சம்கூட அழவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். வழியில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்ற கூட்டத்தைப் பஸ்ஸிலிருந்து பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மைக்கை இழுத்து ‘செவ்வாயில் இன்று’ படித்தேன். என் குரல் நடுங்கும் என்று காத்துக்கொண்டே படித்தேன். ஐந்து நிமிஷமும் நடுங்கவே இல்லை.